வடக்கு மலைக்கு என் தங்கை போட்ட வழியை எதிர்த்துச் சில வார்த்தைகள்

ஒரு முக்கிய அறிவிப்பு. பின்வரிசையில் பிஸ்கட் பொட்டலம் பிரிக்கிறவர்கள் கொஞ்சம் கையை நிறுத்துங்கள், இது வரலாறு. எங்கள் வீட்டுச் சுவரில் சாய்ந்து நிற்கும் இரண்டு சைக்கிள்களில் ஒன்றுக்கு இன்று காலை புதிய மணி பொருத்தப்பட்டிருக்கிறது. வெள்ளி நிற மணி. விரல் பட்டால் போதும், தெருவே திரும்பிப் பார்க்கிறது. அந்தச் சைக்கிள் என்னுடையது அல்ல. அறிவிப்பு முடிந்தது.

பல்லைப் பிடுங்குவதைத் தொழிலாகவும் பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பதைப் பொழுதுபோக்காகவும் கொண்ட எங்கள் மன்றத் தலைவர், பல் மருத்துவர் அவர்களே, கழன்ற சங்கிலியையும் கழன்றுபோன நம்பிக்கையையும் ஒரே கையால் மாட்டிவிடும் சைக்கிள் கடை அண்ணன் அவர்களே, வயதை வீட்டில் பூட்டிவிட்டு வண்டியை மட்டும் எடுத்து வரும் பெரியோர்களே, மலைக்குப் போகிற பிள்ளை ஸ்வெட்டர் போடுமா போடாதா என்ற ஒரே கவலையோடு வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அந்தத் தாய்மார்களிலும் மூன்றாம் வரிசையில் அமர்ந்து 'ஒழுங்கா பேசிட்டு இறங்கு' என்று கண்ணாலேயே எனக்கு உரை எழுதித் தந்துகொண்டிருக்கும் என் தாயே, யாரைப் பார்த்தாலும் காற்றடித்து ஏற்றிவிடுவதால் 'பம்ப்' என்று பெயர் பெற்ற என் ஆருயிர் நண்பனே, எனக்கு முன்னால் பேசி முடித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் தங்கையே, உங்கள் அனைவருக்கும், கடைசியாகச் சொன்னவரை மட்டும் தவிர்த்து, என் பணிவான வணக்கம்.

சரி, சரி. அம்மா பார்க்கிறார். அவளுக்கும் வணக்கம்.

மன்றத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு விளக்கம். மிதிப்பவர்களை மதிப்பவர்களின் மன்றம் இது. நெடும்பயணம் போவதென்றால் வழியைத் தலைவர் தீர்மானிப்பதில்லை. யார் வேண்டுமானாலும் வழி போடலாம். போட்டவர் இந்த மேடையில் ஏறிப் பேச வேண்டும். பிறகு நீங்கள் கை தூக்குவீர்கள். எந்த வழிக்குக் கை அதிகமோ, அந்த வழியைப் போட்டவர்தான் பயணம் முழுக்க முன்னால் போவார். அவருக்கு முன்னோடி என்று பெயர். முன்னோடியை எவரும் முந்தக் கூடாது. அது நம் மன்றத்தின் மாறாத விதி. தோற்றவர்? அவருக்குப் பின்காவல் என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். பஞ்சர் பெட்டியைச் சுமந்துகொண்டு, முன்னே போகிறவர்கள் தவறவிட்ட தொப்பியையும் துண்டையும் பொறுக்கிக்கொண்டு, எல்லோர் முதுகையும் பார்த்தபடி கடைசியில் வர வேண்டும். பெயரில் காவல், வேலையில் வால்.

இந்த முறை பயணம் எங்கே? வடக்கே. வரைபடத்தில் எழுத்துகள் குறைந்து நிறங்கள் மட்டும் மிஞ்சும் இடத்துக்கு. கடை இல்லாத, கம்பம் இல்லாத, கைப்பேசிக்கு உயிர் இல்லாத மலைகளுக்கு. ஊசியிலைக் காட்டுக்குள்ளே ஒற்றைச் சாலை. சாலைக்குத் துணையாக ஓர் ஆறு. ஒரு முனையில் நீலக் கண்ணாடியாய் ஏரி, மறுமுனையில் பனிமுகடுகளின் மடியில் ஒரு சின்ன மலையூர். அந்தச் சாலையில் முதல் சக்கரம் யாருடையது? என்னுடையதா, அவளுடையதா? இன்றைய கேள்வி இது ஒன்றுதான்.

என் தங்கை பேசியது எவ்வளவு சுருக்கம், நீங்கள் கை தட்டியது எவ்வளவு நீளம். நான் கவனித்தேன். சைக்கிள் கடை அண்ணன் எழுந்து நின்றே தட்டினார். போன வருடம் நான் பேசியபோது அதே அண்ணன் கொட்டாவி விட்டார். அதையும் கவனித்தேன்.

யாரது, பொறாமையா என்று கேட்டது? எனக்கா? பெருமக்களே, பொறாமைப்பட எனக்கு நேரம் எங்கே இருக்கிறது? அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியவன் நான். 'விட்டுறாதண்ணா, விட்டுறாதண்ணா' என்று அவள் கதறியபோது விட்டுவிட்டுக் கைதட்டிச் சிரித்தவன் நான். அப்படிப்பட்ட பயிற்சியாளனுக்குப் பொறாமை வருமா?

இப்போது ஓர் உண்மையைச் சபையின் முன் வைக்கிறேன். என் தங்கை முன்மொழிந்த வழி, ஏரியில் தொடங்கி ஆற்றோரமாகத் தெற்கே மலையூர் போய்ச் சேரும் அந்த வழி, என்னுடையது. ஆமாம், தலைவரே. என் அறையின் சுவரில், என் கட்டிலுக்கு மேலே, வரைபடத்தை ஒட்டி, அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து சிவப்பு நூல் எடுத்து நான் போட்ட வழி அது. நூல் எங்கே போயிற்று என்று அம்மா ஒரு வாரமாகத் தேடினார். அம்மா, இப்போது தெரிந்திருக்கும்.

சுவரில் வரைபடம் எப்படி இருக்கும்? வடக்கு மேலே, தெற்கு கீழே. ஏரி மேலே, மலையூர் கீழே. மேலே இருந்து கீழே போவதற்குத் தமிழில் என்ன பெயர்? இறக்கம். வழி நெடுக இறக்கம். மிதிக்க வேண்டாம், மூச்சு வாங்க வேண்டாம், ஏறி உட்கார்ந்தால் போதும், இயற்கையே நம்மைத் தாலாட்டிக்கொண்டு போய் இறக்கிவிடும் என்று ஊர் முழுக்கச் சொன்னேன். பம்ப் அதை இன்னும் கொஞ்சம் ஊதினான். முழங்கால் வலிக்காரப் பெரியவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, என் கை உனக்குத்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். வரலாற்றிலேயே மிதிக்காமல் மலை தாண்டப் போகும் முதல் மன்றம் நாம்தான் என்று இறுமாந்திருந்தேன்.

சிரிக்காதீர்கள். நம் ஊர் எப்படிப்பட்டது? இஸ்திரி போட்ட சட்டை. அதில் ஒரே ஒரு மடிப்பு, அந்த மேம்பாலம். மலையேற்றப் பயிற்சிக்குக்கூட அந்த மடிப்பின் மேல்தான் ஏறி ஏறி இறங்குகிறோம். இந்த ஊரில் பிறந்தவனுக்கு மேடு எது, பள்ளம் எது என்று சுவர்தானே சொல்ல வேண்டும்?

ஒரு நாள் காலை. வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷோடு என் அறைக்குள் வந்து நின்றாள் இவள். சுவரையே பார்த்தாள். பிரஷ்ஷை எடுத்தாள்.

"அண்ணா, இந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுது?"

"ஆறுன்னா ஓடும். எந்தப் பக்கமா இருந்தா உனக்கென்ன?"

"கடைசில ஏரியில போய் விழுது பாரு. அப்போ ஏரிதான் பள்ளம். நீ தண்ணிக்கு எதிரா போற. மொத்தமும் ஏத்தம்ணா."

பெருமக்களே, அந்தக் கணத்தில் அறிவுள்ளவன் என்ன செய்வான்? நன்றி சொல்வான். நான் என்ன செய்தேன்? வரைபடத்தைக் கழற்றித் தலைகீழாக ஒட்டினேன். இப்போ சரியா என்று கேட்டேன். ஊர்ப் பெயர்கள் எல்லாம் வௌவால் போலத் தொங்கின. அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். வாய் கொப்பளிக்கப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் கொடுமை. அந்தச் சாலையில் சரக்கு ஏற்றிப் போகும் லாரி ஓட்டுநரைத் தேடிப் பிடித்து, மதியத்துக்குமேல் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று கேட்டாள். பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும் என்றார் அவர். ஏறுகிறவனுக்கு முதுகில் கை வைத்துத் தள்ளுமாம், இறங்குகிறவனை முகத்தில் அடித்து நிறுத்துமாம். நம் பக்கத்திலிருந்து போய் மலையூரில் தங்கும் விடுதி நடத்தும் ஓர் அம்மாவை, அந்த ஊரின் ஒரே போனில் பிடித்தாள். சட்டென்று உயரத்துக்குப் போனால் தலை சுற்றும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் மூச்சு பழகிவிடும் என்றார் அந்த அம்மா. இப்போது அவர் வாரம் தவறாமல் இவளை அழைத்து, சாப்பிட்டியா கண்ணு என்று கேட்கிறார். என்னை ஒரு முறையாவது கேட்டாரா? ஒரு நாள் போனைப் பிடுங்கி, நான்தான் அண்ணன் என்று அறிமுகம் செய்துகொண்டேன். "ஓ, மேப்பைத் தலைகீழா ஒட்டின தம்பியா?" என்றார். மலை உச்சி வரைக்கும் என் புகழ் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆக, நடந்தது என்ன? அதே ஏரி. அதே ஆறு. அதே சிவப்பு நூல். அதே திசை. அதை நான் இறக்கம் என்றேன், விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அவள் ஏற்றம் என்றாள், எழுந்து நின்று தட்டுகிறீர்கள். இது நியாயமா? என் வழியை அவள் எடுத்துக்கொண்டதால், அவளை எதிர்ப்பதற்காக என் வழியை நானே திருப்பிப் போட்டுக்கொண்டு இங்கே நிற்கிறேன். மலையூரில் தொடங்கி ஏரியில் முடிப்போம் என்பது என் கட்சி. சைக்கிள்களை லாரியில் ஏற்றிக்கொண்டு நேரே உச்சிக்குப் போவோம், உருண்டு வருவோம். தலை சுற்றுமா? சுற்றட்டும், சக்கரமும் சுற்றத்தானே செய்கிறது? காற்று முகத்தில் அடிக்குமா? அடிக்கட்டும், அம்மா அடிக்காத அடியா?

தாய்மார்கள் பக்கம் ஒரு கைகூட அசையவில்லை. பரவாயில்லை.

குறுக்கு வழியையும் முயன்று பார்த்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. தினமும் அவள் சைக்கிள் சீட்டை விரல் அகலத்துக்கு இறக்கி வைத்தேன். தரையில் கால் நன்றாக ஊன்றுகிறது, நான் வளர்ந்துட்டேம்மா என்று வீடு முழுக்கக் குதித்தாள். அம்மாவும் நம்பி, கதவோரம் நிறுத்தி அளந்து பார்த்தார். தாழ்ந்த சீட்டில் மிதித்தால் தொடை நோகும், சலித்துப்போய் விட்டுவிடுவாள் என்பது என் கணக்கு. விட்டாளா? நொந்த தொடையோடு மிதித்தே தொடை இரும்பாகிவிட்டது. ஒரு நாள் கடை அண்ணன் கண்டுபிடித்துச் சீட்டை ஏற்றிக் கொடுத்தார். அன்றைக்கு இவள் மேம்பாலத்தில் ஏறவில்லை, பறந்தாள். அவளுக்குப் பயிற்சி கொடுத்தவன் நான் என்று சொன்னேனே, இதையும் சேர்த்துத்தான்.

ஆகவே, அன்பார்ந்தவர்களே, ஆம். பொறாமைதான். அவள் கேட்கத் தெரிந்து கேட்டாள், எனக்குப் பொறாமை. அவள் கேட்டதற்கு மலையே பதில் சொன்னது, எனக்குப் பொறாமை. நான் சுவரைப் பார்த்த இடத்தில் அவள் ஆற்றைப் பார்த்தாள், எனக்குப் பொறாமை, பொறாமை, பொறாமை. பொறாமை என்ன சாதாரணச் சரக்கா? பக்கத்தில் ஓட்டுகிறவன் சக்கரத்தைப் பார்த்துத்தானே நம் கால் வேகம் பிடிக்கிறது? இந்த மண்டபத்தில் பொறாமைப்படாமல் மிதிவண்டி மிதித்தவர் யார்? தலைவரே, பக்கத்துத் தெரு மருத்துவர் கியர் சைக்கிள் வாங்கிய மறுநாள்தானே நீங்கள் வாங்கினீர்கள்? ஆகவே அஞ்ச மாட்டேன், அசர மாட்டேன், அந்த முதல் இடத்தை விட்டுத்தர மாட்டேன். ஏற்றம் வந்தால் எரிமலை நான், இறக்கம் வந்தால் இடி மின்னல் நான். முதல் சக்கரம் என் சக்கரம். எனக்காகக் கை தூக்க...

பம்ப், என்ன? சத்தமாகக் கேள்.

"நீ எதுக்குடா முன்னாடி போகணும்?"

காற்றடிக்க வேண்டியவனே ஆணி குத்துகிறான் பாருங்கள்.

பதில் சொல்லாமல் இறங்கிவிடலாம். ஆனால் முதல் வரிசையில் இருக்கிறவளுக்குப் பதில் தெரியும். சற்று முன் இதே மேடையில் நின்றபோது, என்னைத் தோற்கடிக்க அவளுக்கு ஒரே ஒரு வரி போதுமாக இருந்தது. அவள் அந்த வரியைச் சொல்லவில்லை. காற்றைப் பற்றிச் சொன்னாள், மூச்சைப் பற்றிச் சொன்னாள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கும் எனக்குப் பொறாமை. அப்படிச் சும்மா இருக்க எனக்கு வராது.

அதனால் நானே சொல்லிவிடுகிறேன். பொறுமையோடு கேட்ட தலைவர் அவர்களுக்கும், எழுந்து போகாத பெரியோர்களுக்கும், சிரித்தும் முறைத்தும் என்னை வளர்க்கும் தாய்மார்களுக்கும் நன்றி கூறி, கை தூக்கும் நேரத்தில் என் கையும் என் தங்கையின் வழிக்கே உயரும் என்று அறிவித்து, பஞ்சர் பெட்டியை இப்போதே கேட்டு வாங்கிக்கொண்டு விடைபெறுகிறேன். வணக்கம்.

நான் முன்னால் போக ஆசைப்பட்டது வீரத்தால் அல்ல. முன்னோடியை எவரும் முந்தக் கூடாது என்பது விதி. முன்னால் மட்டும் இருந்துவிட்டால், நான் எவ்வளவு மெதுவாகப் போகிறேன் என்பது யாருக்கும் தெரியாது. அந்த மேம்பாலத்தை இன்று வரைக்கும் நான் ஒரு தடவைகூட முழுசாக மிதித்து ஏறியதில்லை. பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகிறேன். நான் வந்து சேருகிற வரைக்கும் இவள் உச்சியில், அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொள்வாள்.