திண்டிவனம் வண்டிக்கு அரை மணி

— நூத்தி எண்பத்துமூணு ரூவா எட்டணா. நேத்துகூட ஆண்டை நோட்டைப் பிரிச்சிக் காட்னாரு. எங்கப்பன் கடன் வாங்குனது அறுவதுதான், சவுரி. அவரு செத்து இருவது வருசம் ஆச்சு, நான் இன்னும் ஆண்டை கொல்லையில மல்லாட்டை புடுங்கிக்கினு கெடக்கறேன்.

— தெரியும்பா. ஸ்டேசன்ல வந்து குந்திக்கினு எதுக்கு அந்தப் பேச்சு?

— எதுக்கா? நீ இன்னும் அந்த டாக்டர் படிப்பையே நெனச்சிக்கினு கீற. மூஞ்சப் பாத்தா தெரியுது. இன்னும் அரை மணியில திண்டிவனம் வண்டி வந்துடும். டீச்சர் ட்ரெய்னிங்ல சேரு, ரெண்டு வருசத்துல சம்பளம் வாங்கு. அவ்ளோதான்.

— டாக்டர் படிப்புக்குக் காசே கேக்கலயேப்பா. மிஷன் ஆஸ்பத்திரி மதர் எழுதியே குடுத்தாங்க. திருச்சியில ஒரு வருசம் பி.யு.சி. பாஸானா போதும், சீட்டு நிச்சயம். சோறு, துணி, புஸ்தகம் எல்லாம் அவங்க செலவு.

— அதுக்கப்புறம்?

— எட்டு வருசம் அவங்க சொல்ற ஊர்ல வேலை செய்யணும்.

— பத்திரத்துல எழுதிக் குடுத்துட்டு.

— ஆமா.

— எங்கப்பனுக்கும் இப்பிடித்தான் சொன்னாங்க. மூணு வேளை கேப்பைக் கூழு, வருசத்துக்கு ஒரு வேட்டி. கைநாட்டு வச்சாரு.

— அதுவும் இதுவும் ஒண்ணாப்பா? டாக்டருங்க நாற்காலியில ஒக்காந்து வேலை செய்றவங்க.

— எதுல குந்துனா இன்னா, எழுந்து போவ முடியாதுன்னா?

— மெட்ராஸ் காலேஜுல கணக்கு படிக்க எடம் குடுத்தாங்களே. அதுல பத்திரம் இல்லியே.

— ஆஸ்டலுக்கு மாசம் முப்பது ரூவா யாரு கட்றது? உனுக்குக் கணக்குன்னா உசுருன்னு எனுக்குத் தெரியாதா? என் கையில இன்னா கீது, சொல்லு.

— உன்ன நான் குத்தம் சொல்லலப்பா.

— கோழி அறுத்தாலே தெருவு தாண்டி ஓடிப் போறவ நீ. நீ போயி ஆளுங்க வயித்தக் கீறப் போறியா?

— பழகிக்குவேன்.

— பழகிக்குவாளாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன்னு சொல்லிட்டேன், வுடு.

— சரிப்பா. வண்டி வர்றதுக்குள்ள இந்தத் தாளைப் படி.

— அந்தப் பத்திரமா? எனுக்கு வேணாம்.

— அது இல்ல. ராப்பள்ளிக்கூடத்துல எழுத்துக் கூட்டிப் படிச்சவன்தான நீ. மெதுவாப் படி.

— சின்…னக்…கண்ணு. எம்பேரு. தர வேண்டிய… ரூபாய் நூற்று எண்பத்து… மூன்று… அணா எட்டு… பை…சல். பைசலுன்னா, தீந்துபோச்சுன்றதுதான?

— ஆமாப்பா. கீழ ஆண்டை கையெழுத்து. காலையில நானே போயி கட்டிட்டு வாங்கியாந்தேன்.

— ஏது உனுக்கு இவ்ளோ பணம்? சவுரி, கேக்கறேன் இல்ல. எங்க பாக்கற?

— சேர்ற புள்ளைங்க வீட்டுக்குன்னு இருநூறு முன்பணம் குடுக்கறாங்க. மீதி பதினாறரை ரூவா இந்தா, முடிஞ்சி வச்சிக்க.

— எங்க சேர்ற புள்ளைங்க?

— எனக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சுப்பா, உன் கையெழுத்தே கேக்கல. திண்டிவனம் வண்டி வந்தா வந்துட்டுப் போவட்டும். நான் திருச்சி வண்டிக்கு நிக்கறேன்.