வலப்பக்கம் வைத்த துப்பாக்கி

கை கழுவ விட்டதற்கு நன்றி ஐயா. ரேகை எடுத்த மை விரலிடுக்கில் இருந்தால் எனக்குப் பேச்சு வராது. முப்பத்தொரு வருடமாகத் துப்பாக்கி பழுது பார்க்கிற கை இது. நாள் முழுக்க எண்ணெயிலும் கரியிலும் கிடக்கிற வேலைதான், ஆனால் பட்டறையை விட்டு எழுந்திருக்கும்போது என் நகத்தடியில் ஒரு கீற்று அழுக்கு இருக்காது. "அண்ணே, நீ பாதிரியாராப் போயிருக்கலாம்" என்று என் தங்கை நெலிதா கேலி செய்வாள்.

நீங்கள் கேட்டது அவள் புருஷன் ஓமாரைப் பற்றி. சொல்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுகிற சத்தம் மட்டும் கொஞ்சம் குறைந்தால் நல்லது. ஒரு கைக்குட்டை கொடுக்கச் சொல்லுங்கள்.

சிலருடைய வியர்வை இரும்புக்கு ஆகாது. எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். துப்பாக்கியைத் தொட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் பார்த்தால் கருநீல மெருகின்மேல் ஐந்து விரலும் துருவாகப் படிந்திருக்கும். ஓமாருக்கு அந்தக் கை. மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன். காலை முழுக்க மாட்டின் முதுகில் தட்டுவான், அதே கையால் என் பட்டறையில் இருக்கிறதையெல்லாம் எடுத்து எடுத்துப் பார்ப்பான். அவன் போன பிறகு ஒவ்வொன்றாக எண்ணெய்த் துணியால் துடைத்து வைப்பேன். இருபத்துமூன்று வருடம் துடைத்திருக்கிறேன்.

அப்பா அம்மா போனபோது நெலிதாவுக்கு ஒன்பது வயது. பதினோரு வருடம் நான்தான் வளர்த்தேன். பட்டறைக்குப் பின்னால் இரண்டு அறை, நாங்கள் இருவர். மேசைத் துணி வெள்ளையாக இருக்கும். சாப்பிடும்போது வாயை மூடித்தான் மெல்லுவோம். பிறகு இவன் வந்தான்.

அவன் அவளை அடித்ததில்லை, ஐயா. அதைக் குறித்துக்கொள்ளுங்கள், நான் யார்மேலும் பொய் சொல்ல மாட்டேன். அடித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தின்பான், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர்கள் வீட்டு முற்றத்தில் கரிபோட்டு இறைச்சி சுடுவார்கள். முதலில் குடல். வெளியே கருகி உள்ளே கொழகொழவென்று இருக்கும் அந்தக் குடலைக் கையால் பிய்த்து வாயில் போடுவான். கொழுப்பு மோவாயில் வழியும். அதை ரொட்டியால் துடைத்து அந்த ரொட்டியையும் தின்பான். பிறகு அந்தக் கையை அப்படியே நெலிதாவின் பிடரியில் வைத்து, "என்ன குண்டம்மா, எப்படி இருக்கு என் சமையல்?" என்பான். வெயிலில் அவள் கழுத்து பளபளக்கும்.

அவள் சிரிப்பாள். இத்தனை வருடத்தில் எனக்குப் பழகாதது அதுதான். வாய் நிறைய இறைச்சியோடு, பல் தெரிய, அவனைப் போலவே சிரிப்பாள். போன வருடம் ஒருநாள் சுண்டுவிரல் நகத்தால் பல்லைக் குத்திக்கொண்டே என்னோடு பேசினாள். நான் எழுந்துபோய் அவர்கள் குளியலறையில் வாந்தி எடுத்தேன். அன்றைக்குத்தான் இதற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அவளை அதிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அவளுடைய பழைய அறை அப்படியேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒருமுறை தரை துடைப்பேன்.

இனி அந்த விளையாட்டு. உங்கள் ஆட்கள் நேற்று அதைக் கேட்டுவிட்டு நம்பவில்லை.

ஓமாரிடம் ஒரு பழைய பிஸ்டல் இருந்தது. பெல்ஜியக்காரர்கள் வடிவமைத்த ரகம், நம் நாட்டிலேயே செய்தது. உங்கள் அப்பா காலத்துப் போலீஸ்காரர்களின் இடுப்பில் தொங்கியதே, அதுதான். அந்த ரகத்தில் ஒரு விசேஷம் உண்டு. தோட்டா அடுக்கிய மேகசினைக் கைப்பிடியிலிருந்து உருவிவிட்டால், உள்ளே இருக்கும் ஒரு சின்ன இரும்புத் துண்டு விசையைக் கட்டிப்போட்டுவிடும். குழலுக்குள் ஒரு தோட்டா மிச்சமிருந்தாலும் சுடாது. விசை சும்மா ஆடும்.

சாப்பாடு முடிந்து எல்லோரும் ஒயினோடு உட்கார்ந்திருக்கும்போது ஓமார் அதை எடுப்பான். மேகசினை உருவி மேசையில் வைப்பான். மேல்பகுதியைக் கொஞ்சம் பின்னால் இழுத்து, குழலுக்குள் தோட்டா இருப்பதை எல்லோருக்கும் காட்டுவான். "உள்ள இருக்கான், நல்லாப் பாத்துக்குங்க" என்பான். பிறகு எதிரே இருக்கிறவன் நெற்றிக்கு நேராக நீட்டி அழுத்துவான். ஒன்றும் நடக்காது. எல்லோரும் சிரிப்பார்கள். ஒவ்வொருவராக மேசையைச் சுற்றி வந்து, கடைசியில் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்திவிட்டு, "மேகசின் இல்லைனா இவன் பேசமாட்டான். என் பொண்டாட்டிக்கு ஒரு மேகசின் வச்சிருக்கக் கூடாதா கடவுளு?" என்று முடிப்பான். இருபது வருடமாக அதே வார்த்தை. நெலிதா இருபது வருடமாக அதற்குச் சிரித்தாள்.

முதல் ஆள் எப்போதும் நான்தான். அவனுக்கு நேரெதிர் நாற்காலி என்னுடையது. "மச்சான் சிரிக்கமாட்டாரு. குண்டு பட்டாக்கூட முதல்ல சட்டையத்தான் துடைப்பாரு" என்பான். நான் அசையாமல் அவன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிப்ரவரியில் படகு கவிழ்ந்து அவன் பிஸ்டல் பரானா ஆற்றில் விழுந்தது. இரண்டு நாள் கழித்து மீன்பிடிக்கிறவன் ஒருவன் எடுத்துக் கொடுத்தான். ஓமார் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சேறோடு போட்டு என்னிடம் கொண்டுவந்தான். குழல் கெட்டுப்போயிருந்தது. வேறு வேண்டும் என்றான், அதே மாதிரிதான் வேண்டும் என்றான்.

என்னிடம் அதே மாதிரியில் இரண்டு இருந்தன. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் வித்தியாசம் சொல்ல முடியாது. இரண்டுக்கும் வால்நட் மரக் கைப்பிடி, ஒரே எடை, ஒரே முத்திரை. ஒன்று அதிகம் சுடாதது. இன்னொன்று குறி சுடும் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பல் மருத்துவருடையது, அவர் இறந்த பிறகு என்னிடம் வந்தது. அந்தச் சின்ன இரும்புத் துண்டு இருந்தால் விசை கொஞ்சம் கரகரவென்று இழுக்கும். போட்டிக்காரர்களுக்கு அது பிடிக்காது, கழற்றிவிடச் சொல்வார்கள். அவருக்கு நான்தான் கழற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அதன் விசை வெண்ணெய் மாதிரி, மேகசின் இல்லாவிட்டாலும் சுடும்.

இரண்டையும் துணிமேல் வைத்தேன். வெண்ணெய் விசை உள்ளதை வலப்பக்கம் வைத்தேன், ஓமார் வலதுகைக்காரன் என்பதால்.

என் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. குழல் காலி என்று காட்டிவிட்டு, காலி மேகசினை மாட்டித்தான் ஆளிடம் கொடுப்பேன். மேகசின் இருந்தால்தான் கைக்கு முழு எடை தெரியும். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன், யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவன் இரண்டையும் மாற்றி மாற்றி எடுத்தான். வாயில் வெங்காய வாடை. விசையை அழுத்திப் பார்த்தான். அரைமணி நேரம் யோசித்தான், பெண்பார்க்க வந்தவனைப் போல.

"ரெண்டுல எது மச்சான்?"

"உங்க கைதானே சொல்லணும் மாப்பிள்ளை."

"இது வழுக்கிட்டுப் போகுது. அது கொஞ்சம் முரண்டு பண்ணுது, உங்கள மாதிரி."

"அப்போ வழுக்கிறதையே எடுத்துக்குங்க."

"ரெண்டும் என் பழசு மாதிரிதானே?"

"ரெண்டும் ஒரே அச்சு" என்றேன்.

அது உண்மை, ஐயா. ஒரே அச்சுதான். அவன் மேகசினைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நேற்றிலிருந்து மூன்றுமுறை கேட்டுவிட்டீர்கள். அவன் கேட்கவில்லை. அவனாகத்தான் தேர்ந்தெடுத்தான்.

வெள்ளிக்கிழமை உரிமத்தாள் வந்தது. நான் ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றுக்கு வரச் சொன்னேன். முன்பே கொடுத்தால் ஆற்றங்கரையில் காலி டப்பாவைச் சுட்டு விளையாடுவான், மேகசினை உருவிப் பார்ப்பான். பதினொன்றுக்குக் கொடுத்தால் நேரே கரியடுப்புக்குத்தான் போவான். அன்றைக்கு அவன் என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். "சாயங்காலம்வரைக்கும் காத்திருக்க முடியாது மச்சான், எல்லாருக்கும் புதுசக் காட்டணும்" என்றான். அவன் போனதும் கன்னத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

என் மனதில் இருந்தது அந்தக் கடைசி முறை மட்டும்தான். அவன் தன் பொட்டில் வைத்துக்கொள்வானே, அது. அதை மட்டும்தான் நினைத்தேன். தன் கையால், தன் முட்டாள்தனத்தால், எல்லோர் முன்னிலும் போவான். யாரும் தள்ள வேண்டியதில்லை. அவனைக் கொல்ல நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவனைத் தவிர வேறு யாரையும் நான் நினைக்கவில்லை.

நான் அன்றைக்குப் போகவில்லை. பல்வலி என்று நெலிதாவுக்குக் காலையிலேயே போன் செய்தேன். அவள் வருத்தப்பட்டாள்.

"கிராம்பு வச்சுக் கடிண்ணே. உனக்காகத்தான் நாக்குக்கறி வேகவச்சேன்."

"அடுத்த வாரம் பாக்கலாம்."

"உன் நாற்காலிய என்ன பண்றது? அது ஒண்ணுலதான் திராட்சைப் பந்தல் நிழல் விழுது."

"லுச்சினிய உட்கார வை. பாவம், வெயில்ல நடந்து வர்றவரு" என்றேன்.

லுச்சினி எங்கள் ஊர்க் கால்நடை மருத்துவர். மனைவி கிடையாது, பிள்ளை கிடையாது. ஞாயிறு தவறாமல் ஒரு பாட்டிலோடு வந்து, ஓமாரைப் போலவே தின்றுவிட்டு, ஏப்பம் விட்டுப் போவார். கல்யாணம் காட்சிக்குக்கூட யாரும் அவரைத் தேட மாட்டார்கள். வயதானவர், நிழலில் இருக்கட்டும் என்று சொன்னேன். விருந்தாளியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னதற்கு என்மேல் என்ன குற்றம்?

அவர் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தாராம். சாப்பாடு முடிகிறவரை. தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு நெலிதா வெயிலில் நின்றுகொண்டிருந்திருக்கிறாள். லுச்சினி எழுந்து, "காலையிலேர்ந்து அடுப்புக்கிட்ட வேகுறீங்க, இப்படி நிழல்ல உட்காருங்கம்மா" என்று இடம் கொடுத்திருக்கிறார். கொழுப்புக் கையைக் கால்சட்டையில் துடைக்கிற அந்த மனிதருக்கு இப்படி ஒரு மரியாதை தெரியும் என்று யாருக்குத் தெரியும்? இருபது வருடத்தில் ஒருமுறைகூட அவர் யாருக்கும் எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

ஓமார் மேகசினை உருவி மேசையில் வைத்தான். தோட்டாவைக் காட்டினான். எதிர் நாற்காலிக்கு நேராக நீட்டினான். நெலிதா வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தாளாம்.

சவக்கிடங்கில் அவளைப் பார்த்தேன். முகத்தை யாரோ கழுவியிருந்தார்கள். வாய் மூடியிருந்தது. சின்ன வயதில் தூங்கும்போது இருப்பாளே, அப்படி இருந்தாள். பிடரியில் மட்டும் அந்தப் பளபளப்பு அப்படியே இருந்தது. என் கைக்குட்டையால் துடைத்தேன், அங்கே நின்ற பெண் தடுத்தாள்.

நேற்று என் தங்கை மகள் மிர்தா உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள் என்றீர்கள். இருபத்திரண்டு வயதுப் பெண், அம்மாவைக் கண்ணெதிரே பறிகொடுத்தவள், என்ன வேண்டுமானாலும் பேசுவாள் என்று நான் ஒதுக்கிவிடலாம். ஆனால் அவள் பொய் சொல்கிற பெண் இல்லை, நான்தான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டேகால் மணிக்கு அவள்தான் எனக்குப் போன் செய்தாள். முதல் மணியிலேயே எடுத்தேன், பகல் ஒரு மணியிலிருந்து போன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவளால் பேச முடியவில்லை. "மாமா, ஒடனே வாங்க" என்று மட்டும் சொன்னாள். சுட்டது யார், பட்டது யார், ஒன்றும் சொல்லவில்லை. துப்பாக்கி என்றுகூடச் சொல்லவில்லை. அதற்கு நான் கேட்டது இரண்டே வார்த்தை என்றும், இரண்டையும் அமைதியாகக் கேட்டேன் என்றும் அவள் சொல்லியிருந்தால், அது சரிதான்.

"லுச்சினி செத்துட்டாரா?" என்று கேட்டேன்.