புத்தகத்தில் இல்லாத மன்னிப்பு

புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் வழியாகத் திருச்சி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் இருந்தார்கள்.

"பொஸ்தகத்துல இல்லாததப் படிச்சுட்டேன்க்கா," என்றாள் மடியில் நாவல் வைத்திருந்தவள்.

"என்னத்த?"

"கதையில மருமக, தனக்கு மொதல்ல வேறெடத்துல பரிசம் போட்டு முறிஞ்சத மறைச்சுடுறா. தெரிஞ்சதும் மாமியா வெரட்டிடுறா. எங்க வீட்டுக்காரரோட அம்மா, எங்க அத்தைக்கு எழுத்துத் தெரியாதுல்ல, நான்தான் படிச்சுக் காட்டுவேன். மாமியா மன்னிச்சுட்டான்னு மாத்திப் படிச்சேன்."

"ஒங் கதையும் அதானடி, நீயும் மறைச்சுத்தான வச்சிருக்க. அத்தை என்ன சொன்னாங்க?"

"'இன்னொருக்காப் படி'ன்னாங்க. ரெண்டாந்தரம் படிக்கையில எனக்கு வார்த்தை மாறிப்போச்சு. நாளைக்குப் பக்கத்து வீட்டு டீச்சரம்மாவ விட்டுப் படிக்கச் சொல்றேன்னாங்க. அதான் தூக்கிட்டு வந்துட்டேன்."

"பொஸ்தகத்தத் தூக்கிட்ட. அத்தை சந்தேகத்த எங்க கொண்டுபோய்ப் போடுவ?"

அவள் நாவலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

கீரனூர் வந்ததும், "அத்தைக்கு நானே உள்ளபடி படிச்சுடுறேன்க்கா," என்று இறங்கி, எதிரே நின்ற புதுக்கோட்டை பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.