காருக்குள் இருபது முட்டைகள்

வாடிப்பட்டியில் பேருந்தில் ஏறிய பட்டுவேட்டிக்காரர், பக்கத்து இருக்கையில் இருந்த காக்கிச்சட்டைக்காரரிடம் சொன்னது என்னைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

“என் காரு படுத்ததே முட்டையாலதாண்ணே.”

“முட்டையாலயா?”

“குஞ்சு பொரிக்கிற கரண்ட் பெட்டிண்ணே. இருபது நாட்டுக்கோழி முட்டை, இன்னைக்கோ நாளைக்கோ பொரிக்கணும். அத மண்டபத்துக்குள்ள தூக்கிட்டு வந்தா, கல்யாணத்துக்கே வர மாட்டேன்னுட்டா என் பொண்டாட்டி. அதான் கார்லயே வச்சேன்.”

“சாவிய எடுத்தா சார்ஜர் சாக்கெட்ல கரண்ட் நின்னுருமே?”

“அதுக்குத்தான் காரோட பழைய பேட்டரியில இருந்து நேரா ஒயர் இழுத்து மாட்டுனேன்.”

“பியூஸ் போட்டீங்களா?”

“போட்டேண்ணே. விடியக்காலம் நிப்பாட்டுனது, மதியம் பந்தி முடிஞ்சு வந்தா வண்டி எடுக்கல. எல்லாரும் தள்ளியும் பாத்துட்டாய்ங்க.”

“அம்புட்டு நேரம் ஓடுனா பழைய பேட்டரி எப்படித் தாங்கும்? பெட்டிக்குத் தனி பேட்டரி வச்சிருக்கணும்.”

“அது தெரியலயே. புதுசு வாங்கத்தான் மதுரைக்குப் போறேன்.”

“அப்ப முட்டை? சூடு இல்லாம போயிருமே.”

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

“அவதான் பட்டுச்சேலைக்குள்ள பொதிஞ்சு, மடியில வச்சுக்கிட்டு கார்ல உக்காந்திருக்கா. ஒரு முட்டைக்குள்ள சத்தம் கேக்குதாம். இப்பத்தான் போன் போட்டா, ‘நீங்க மெதுவாவே வாங்க’ங்குறா.”