எனக்காக வைத்த இரும்பு

ஒரு பவர் சப்ளையைக் கையில் வாங்கியதும் நான் முதலில் அதன் எடையைத்தான் பார்ப்பேன். கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் அந்தப் பெட்டி நல்லதாக இருந்தால் கனக்கும். லேசாக இருந்தால், உள்ளே யாரோ எதையோ மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

நானும் என் தங்கையின் கணவரும் சேர்ந்து நடத்திய பரிசோதனைக்கூடம் அது. கம்பெனிகள் பெட்டிகளை அனுப்பும். முதல் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பேன். மற்றவற்றைத் தூக்கிப் பார்த்தே கையெழுத்துப் போட்டுவிடுவேன். இது மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

ஒரு பள்ளிக்கூடத்துக் கணினி அறையில் தீப்பிடித்தது. ஆசிரியை ஒருவரின் கை வெந்துபோனது. எரிந்த பெட்டி என் கையெழுத்தோடு என் மேசைக்கே வந்தது. திறந்தேன். செம்புச் சுருள்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கம்பி. மூலையில் ஓர் இரும்புக் கட்டியைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கனப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை.

அதைப் பெயர்த்து உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தேன். நான் பார்த்தேயிராத ஒரு தொழிற்சாலையில், யாரோ ஒருவர் என் உள்ளங்கையை இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருக்கிறார்.

கேட்டேன். மாப்பிள்ளை மறைக்கவில்லை.

“ஆமா மச்சான், நான்தான் கம்பெனிக்காரங்ககிட்ட சொன்னேன். நீங்க தராசு மாதிரி தூக்கிப் பாக்குறதை நடிச்சே காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க.”

“தங்கச்சிக்குத் தெரியுமா?”

“அவளும்தான் சிரிச்சா. முகத்தை ஏன் இப்படித் தொங்கப் போடுறீங்க? இங்க கிடக்குற மிச்சப் பெட்டியில இருந்து இரும்பை எடுத்துட்டா யாருக்குத் தெரியப் போகுது?”

“சரி மாப்பிள்ளை. நான் திறந்து வைக்கிறேன். நீங்க எடுங்க.”

எங்கள் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர், ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். அதை வடிக்க நல்ல பெட்டியில் ஒரு சின்னப் பாகம் இருக்கும். சில கம்பெனிகள் அதையும் மிச்சம் பிடிக்கும்; இந்தப் பெட்டிகளிலும் அது இல்லை. அதனால்தான், திறப்பவர் அதை வடித்துவிட்டுப் பச்சை நாடா ஒட்ட வேண்டும். நாடா இருந்தால் மற்றவர் தயங்காமல் கை வைக்கலாம்.

மறுநாள் பெட்டிகளை ஓடவிட்டு, நிறுத்தி, திறந்தேன். எதையும் வடிக்கவில்லை. எல்லாவற்றிலும் நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன்.

மாப்பிள்ளை ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி வந்து உட்கார்ந்தார். மின்சாரம் மிச்சமிருக்கிறதா என்று காட்டும் மீட்டர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நான்தான் வைத்திருந்தேன். ஒரு தடவை வைத்துப் பார்த்திருக்கலாம். என்னை ஏமாற்றியவர் என்னை நம்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் நாடாவைப் பார்த்தார். கையை உள்ளே விட்டார்.

நாடாவை ஒட்டியது நான்தான், ஐயா. ஆனால் துரோகம் செய்தது அவர். வாக்குமூலத்தில் அதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.