பதின்மூன்றாவது பேனா

அடுப்புக் கதவைச் சாத்துங்கள்... இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பன் ஜாம்பாவின் அக்கா மகன் தாம்தினுக்கு நடந்தது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போய்ப் படுங்கள்.

பிப்ரவரி மாதம். மாலை ஆறு மணி. ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும் அந்தத் தனிப் பாதை. நாற்பது கிலோமீட்டருக்கு ஒரு கூடாரம் கிடையாது, குரைக்க ஒரு நாய் கிடையாது. பழைய ரஷ்ய வேன் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. உள்ளே தாம்தின் மட்டும். அவன் அப்போதுதான் ஒரு சாவு வீட்டிலிருந்து கிளம்பியிருந்தான். அங்கே ஒரு பொய் சொல்லிவிட்டு வருகிறான். அது இரண்டாவது தடவை.

முதல் தடவையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த நிலையத்தில் மர்மோட்டின், அதுதான் புல்வெளியில் வளை தோண்டி வாழும் அந்தக் கொழுத்த பெரிய அணிலின், உடல் சூட்டை அளப்பார்கள். நிலவறையில் பன்னிரண்டு பெட்டி, பன்னிரண்டு மர்மோட், குளிர்காலம் முழுக்கத் தூக்கம். தூங்கும்போது உடம்பு ஐந்து டிகிரி. இதயம் நிமிடத்துக்கு மூன்று நாலு தடவை அடித்தால் உண்டு. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதுவாகவே விழிக்கும். சில மணி நேரத்தில் ஐந்திலிருந்து முப்பத்தேழுக்கு ஏறிவிடும். அந்தச் சூடு எங்கே பற்றுகிறது? தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையளவு பழுப்புக் கொழுப்பு இருக்கிறதே, அங்கே. பேராசிரியர் ஓச்சிர் பதினைந்து வருடமாக, இந்தப் பன்னிரண்டு போக வேறு மர்மோட்டுகளில், அதை வெட்டி, எடை போட்டு, பூதக்கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வேட்டைக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும். மனித இறைச்சி. ஒரு காலத்தில் மனிதனாக இருந்தவன்தான் மர்மோட் ஆனான், அவனில் மிச்சம் இருப்பது அந்தத் துண்டு. அறுத்ததும் முதலில் அதை எடுத்து எறிந்துவிட்டுத்தான் கறியோடு போட்டு வேகவைக்கும் கல்லைச் சூடாக்குவோம். அதை வாயில் வைத்தவன் மனிதனைத் தின்றவன்.

நிலையத்துக்கு மர்மோட் பிடித்துக் கொடுத்து, நிலவறையையும் பார்த்துக்கொண்டவர் நோரவ். ஐம்பத்தெட்டு வயது. சாராயத்தை மோந்துகூடப் பார்க்காதவர். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எடை போட்டு முடிந்ததும் அந்தத் துண்டை அந்தந்த மர்மோட்டைப் பிடித்த வளை வாசலில் புதைக்க வேண்டும். பேராசிரியர் சிரித்துக்கொண்டே சரி என்றார். புதைக்கும் வேலை தாம்தினுக்கு வந்தது. தலைநகரில் படித்த பையன், இருபத்தாறு வயது, வாய் சும்மா இருக்காது.

டிசம்பர் முப்பத்தொன்று. நிலையத்தில் இவர்கள் இரண்டு பேர்தான். தாம்தின் சமைத்தான். அன்றைக்குப் புதைக்க வேண்டிய துண்டைப் பொடியாக நறுக்கி ஆட்டுக்கறி சூப்பில் போட்டான். நோரவ் இரண்டு கிண்ணம் குடித்தார்.

"என்னடா தம்பி, இன்னிக்கு இவ்ளோ ருசியா இருக்கு?"

"பின்னே? மனுஷ இறைச்சி போட்டா ருசிக்காதா அண்ணே! ரெண்டு கிண்ணம் உள்ள போயிருக்கு."

சொல்லிவிட்டு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நோரவ் கிண்ணத்தை மெதுவாகக் கீழே வைத்தார்... வாயைத் துடைத்தார்... எழுந்து கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். கம்பளிக் கோட்டு ஆணியிலேயே தொங்கியது. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. கிழவன் பத்து நிமிடத்தில் வருவான் என்று இவன் கணப்புப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான்.

காலையில்தான் கிடைத்தார். அரை கிலோமீட்டர் தள்ளி, ஒரு வளை வாசலில். மண்டியிட்டபடி விறைத்திருந்தார். வலது கையின் இரண்டு விரல் தொண்டைக்குள் போயிருந்தது.

தாம்தின் எழுதிக் கொடுத்தான்: குடித்துவிட்டு வெளியே போனார். பேராசிரியர் விசாரிக்கவே இல்லை, கீழே கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து ஊருக்கு நோரவ் ஒரு குடிகாரன். சந்தையில் அவர் மனைவி துல்மாவைக் கண்டால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நாற்பத்தொன்பதாம் நாள். உயிர் கடைசியாக வீட்டை விட்டுக் கிளம்பும் நாள். பேராசிரியர் மாவு, இனிப்பு எல்லாம் கொடுத்துத் தாம்தினைத் துல்மாவின் கூடாரத்துக்கு அனுப்பினார். துல்மா கறி சமைத்திருந்தாள். வெந்ததும் வழக்கம்போல் பாத்திரத்துக்குள்ளிருந்து சூட்டுக் கல்லை எடுத்துக் கைக்குக் கை கொடுத்தார்கள். கறுப்புக் கல், கொழுப்பில் பளபளத்தது. ஆறு பேர் 'ஸ்ஸ்' என்று கை மாற்றினார்கள். ஏழாவது தாம்தின். அவன் கையிலிருந்து துல்மா வாங்கினாள். வாங்கியவள் அப்படியே நின்றாள்.

"இப்பதானேடா எடுத்தேன்... உன் கை பட்டதும் ஐஸாட்டம் ஆயிடுச்சே."

துல்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

"தம்பி, கடைசியா அவரு பக்கத்துல இருந்தவன் நீ. இன்னிக்கு அவரு கிளம்பற நாள். உண்மையச் சொல்லு, அவரு குடிச்சாரா?"

சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் அவன் தப்பித்திருப்பான்.

"குடிச்சிருந்தாரு அண்ணி," என்றான்.

இப்போது வேனுக்கு வாருங்கள்.

பத்து கிலோமீட்டர் வந்திருப்பான். ஒரு வாடை. ரோமம் தீயும் வாடை... மர்மோட்டைத் தீயில் வாட்டும்போது வருமே, அது. ஜன்னலை இறக்கினான், போகவில்லை. அப்புறம் ஒரு சீட்டி. கூர்மையாக, ஒரே ஒருமுறை. வளை வாசலில் நின்று மர்மோட் ஊதும் சீட்டி. பிப்ரவரியில் எந்த மர்மோட் விழித்திருக்கும்? வேனின் சூடேற்றி முழு வேகத்தில் ஓடுகிறது. ஆனாலும் கண்ணாடியில் உள்பக்கமாகப் பனி படர்ந்தது. நகத்தால் சுரண்டிச் சுரண்டி ஓட்டினான்.

பின் இருக்கையில் யாரோ ஓங்கரித்தார்கள்.

விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்க்கும் சத்தம். வரவில்லை... மறுபடி... வரவில்லை. தாம்தின் திரும்பிப் பார்க்கவில்லை. நிலையம் வரும்வரை அந்தச் சத்தம் கூடவே வந்தது.

கதவைத் தாழிட்டான். எல்லா விளக்கையும் போட்டான். சுவரோரம் மர்மோட்டுகளின் சூட்டைக் கோடாக வரையும் பதிவுக் கருவி, உருளும் தாள், வேலை செய்யும் பேனா பன்னிரண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கோடு, எல்லாம் ஐந்து டிகிரியில் படுத்திருந்தன. பதின்மூன்றாவது பேனா உதிரி. அதற்கு ஒயர் கிடையாது, மை காய்ந்து பல வருடம் ஆகிறது.

அது எழுதிக்கொண்டிருந்தது.

பழுப்பு நிறம். ஆறு மணிக்குத் தாளின் அடியிலிருந்து கிளம்பி ஏறிக்கொண்டிருந்தது. பதினொன்று... பதினாலு... அந்த வளைவு அவனுக்கு மனப்பாடம். தூக்கத்திலிருந்து ஒன்று எழுந்துகொண்டிருக்கிறது.

அவனுக்கு உதறல் எடுத்தது. தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தான். முப்பத்தைந்து. கணப்பு செக்கச்செவேலென்று இருந்தது, அதை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தான். பேனா இருபதைத் தொட்டபோது இவன் முப்பத்து மூன்று. பேனா இருபத்தெட்டு, இவன் முப்பது. தோள்பட்டைகளுக்கு நடுவே யாரோ கரண்டியால் வழிப்பதுபோல் இருந்தது. அப்போதுதான் புத்தி வந்தது. பென்சிலை எடுத்து அந்தத் தாளிலேயே கோணல்மாணலாக எழுதினான்: நோரவ் அண்ணன் குடிக்கவில்லை. நான்தான் அதை சூப்பில் போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

பேனா நிற்கவில்லை. எழுத்தின் மேலேயே ஏறிப் போனது. முப்பத்தேழு.

நிலவறைப் படிகளில் காலடி. ஒவ்வொன்றாக. ஈர பூட்ஸின் சத்தம். தாம்தினால் எழுந்திருக்க முடியவில்லை. முதுகில், சரியாக அந்த இடத்தில், ஒரு கை பதிந்தது. அந்தக் கை சூடாக இருந்தது. ஜாம்பாவிடம் அவன் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்... கதகதவென்று இருந்தது மாமா.

"இப்ப எனக்குக் குளிரலடா தம்பி."

மூன்றாம் நாள் ஜாம்பாவும் பேராசிரியரும் கதவை உடைத்தார்கள். நிலவறையில் அந்தப் பன்னிரண்டு போக உதிரியாகப் பதின்மூன்றாவது பெட்டி ஒன்று எப்போதும் காலியாகக் கிடக்கும். அதற்குள் முழங்காலை மடக்கி, மூக்கை வயிற்றில் புதைத்துக்கொண்டு கிடந்தான். உயிர் இருந்தது. உடம்பு ஐந்து டிகிரி.

இப்போது தலைநகரில் அம்மாவோடு இருக்கிறான். கோடையிலும் கம்பளிக்குள். அவன் பிடித்த டீக்கோப்பை அந்த நொடியே ஆறி ஏடு கட்டிவிடும். முதுகில் உள்ளங்கையளவு ஒரு பள்ளம், வெட்டிய தழும்பு இல்லை.

அந்தத் தாளை ஜாம்பா துல்மாவிடம் கொடுத்தான். அவள் படித்தாள். எடுத்துக்கொண்டு நோரவைப் புதைத்த இடத்துக்குப் போனாள். சுற்றிலும் முழங்காலளவு பனி. அங்கே மட்டும், ஓர் ஆள் நீளத்துக்கு, பனியே இல்லை. ஈர மண், பச்சைப் புல். கை வைத்துப் பார்த்தாளாம். தூங்குகிறவனின் வயிற்றைத் தொட்டதுபோல் இருந்ததாம்.

பேராசிரியர் அந்தப் பேனாவைப் பிடுங்கி அடுப்பில் போட்டுவிட்டார். அவரும்தானே கையெழுத்துப் போட்டவர்.

நேற்று ஜாம்பாவுக்கு அவரிடமிருந்து போன். பல் தந்தியடிக்கும் சத்தத்தில் பேச்சே புரியவில்லையாம். பேனா இல்லாத அந்த இடத்தில் மறுபடி கோடு ஏறுகிறதாம்... நேற்று மாலை பத்தொன்பது டிகிரி.