பரஸ்தானம் வைத்த பை

மணி பத்தேகால். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற ரோடு. கடைசி டவுன் பஸ்ஸும் போய்விட்டது. இரண்டு பக்கமும் கரும்பு… ஆள் உயரத்துக்கு மேல். காற்றே இல்லை. ஆனாலும் தோகை உரசுகிற சத்தம் கூடவே வந்தது.

ஒரு பைக். ஓட்டுகிறவன் ஆகாஷ். பின்னால் அவன் அத்தை விஜயலட்சுமி. இருவருக்கும் நடுவில், அவள் மடியில், சக்கரம் வைத்த ஒரு நீலப் பை.

நம்ம ஆகாஷேதான். இந்த ட்ரிப்புக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவன் ஏன் இந்தக் கரியாலூர் மலைக்கு வரவில்லை என்று சாயங்காலத்திலிருந்து என்னைக் குடைந்துகொண்டிருக்கிறீர்களே, சொல்கிறேன். அய்யனார், முதலில் அந்தக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார். பனி உள்ளே வருகிறது… வேறொன்றுமில்லை.

விஜயலட்சுமிக்குக் கச்சிராயபாளையத்தில் வீடு. அவள் புருஷன் தீனதயாளன், மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். ரிடையர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகும் அவர் மேலிருந்து அந்தப் பாகு வாசனை போகவில்லை. சென்னையில் வேலை செய்கிற மகள் மணிமொழி, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டாள். சென்னைத் துறைமுகத்தில் ஏறி, மூன்று ராத்திரி கடலில் இருந்துவிட்டு, அங்கேயே வந்து இறங்குவது. கார்த்திகை மாதம், சனிக்கிழமை, மாலை நான்கு மணி. மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. டீக்கடையில் அவரை ‘கேப்டன்’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரே ஒரு இடைஞ்சல். சனிக்கிழமை கிழக்கே சூலம். சென்னையும் அந்தப் பக்கம்தான், கடலும் அந்தப் பக்கம்தான்.

அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள் நம் ஊரில். பரஸ்தானம். கிளம்புகிற நாள் சரியில்லை என்றால், முன்னாலேயே ஒரு நல்ல நேரத்தில் பையை மட்டும் கொண்டுபோய், போகிற திசையில் இருக்கும் வேறொரு வீட்டில் வைத்துவிட வேண்டும். அப்போதே அந்த ஆள் கிளம்பிவிட்டதாக அர்த்தம். மூன்று நாளுக்குள் போய்விட வேண்டும். பயணம் நின்றுபோனால் பையைத் திருப்பி எடுத்துவந்து, வாசலில் தண்ணீர் தெளித்து, வீட்டுக்குள் வைத்துவிட வேண்டும். நடுவில் மட்டும் விடக்கூடாது.

வியாழக்கிழமை காலையில் தீனதயாளன் நீலப் பையை எடுத்துக்கொண்டு கிழக்கே இருக்கிற கள்ளக்குறிச்சிக்குப் போனார். மச்சான் பச்சமுத்து வீடு, அதாவது ஆகாஷ் வீடு. ஹாலில் பீரோ ஓரமாக வைத்துவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தார். பையில் அவருடைய துணி மட்டும்தான் இருந்தது. விஜயலட்சுமி கப்பலுக்கென்று தைக்கக் கொடுத்திருந்த மஞ்சள் ரவிக்கை இன்னும் வரவில்லை. அது வந்ததும் தன்னுடையதை வேறு பையில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

ஆக, கிளம்பியது அவர் மட்டும்தான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை கடலில் புயல். துறைமுகத்தில் கூண்டு ஏற்றிவிட்டார்கள். கப்பல் சனிக்கிழமை இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று மணிமொழிக்குச் செய்தி வந்தது. அப்புறம் ஞாயிறும் இல்லை, திங்கள் மாலை நான்கு மணி என்றார்கள். பிறகு, போகிற வழி மாறும் என்றார்கள். தீனதயாளன் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் செல்போனில் புயல் எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். இங்கே மழை ஊற்று ஊற்றென்று ஊற்றியது. கோமுகி ஆற்றில் தண்ணீர் கரைக்கு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் குடையை எடுத்தார். மூன்று நாள் முடியப்போகிறது, பையை எடுத்து வந்துவிடுகிறேன் என்றார்.

“இந்த மழையில எங்க போறீங்க? அங்கயே இருக்கட்டும். எப்ப கப்பல் உடறானோ அப்ப எடுத்துக்கினு போலாம்” என்றாள் விஜயலட்சுமி.

அவர் குடையை மறுபடி மாட்டிவிட்டார். அவ்வளவுதான். அவள் சொன்னது அந்த ஒரு வார்த்தை. அதைத்தான் அதற்குப் பிறகு தினமும் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு மணிமொழி போன் செய்தாள். கப்பல் ரத்து. வேறு தேதி தருவார்களாம். தீனதயாளன் சரி என்றார். சாப்பிட்டார். கட்டிலில் படுத்துக்கொண்டு, நான்கு மணிக்கு எழுப்பச் சொன்னார்.

“இன்னாத்துக்கு? அதான் கப்பல் இல்லன்னுட்டாங்களே.”

“சும்மாதான். எழுப்பு.”

நான்கு மணிக்குக் காபியோடு போனாள். கூப்பிட்டாள். தோளைத் தொட்டாள். உடம்பில் சூடு இருந்தது. மூச்சு இல்லை.

அன்றைக்குக் கரண்ட் இல்லை, டவர் இல்லை. மகள் சென்னையிலிருந்து வந்து சேரவே மறுநாள் மதியம் ஆகிவிட்டது. எல்லோரும் அழுதார்கள். விஜயலட்சுமிக்கு மட்டும் அழுகை வரவில்லை. மரத்துப்போய்விட்டாள். கால் மரத்துப்போனால் எப்படி இருக்கும்… ஊன்றினால் தரை தெரியாதே, அப்படி. யாராவது சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். பையை யாரும் நினைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மறுநாள் இரவு எட்டு மணிக்குப் பச்சமுத்து போன் செய்தார். குரலை அடக்கிப் பேசினார். ஆகாஷை அனுப்புகிறேன், உடனே கிளம்பி வா என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை.

பச்சமுத்து வீட்டில் எல்லோரும் சமையலறைப் பக்கம் ஒண்டி நின்றார்கள். ஹாலில் லைட் எரிந்தது. நீலப் பை பீரோ ஓரத்தில் இல்லை. வாசற்படியை ஒட்டி, கைப்பிடி நீட்டியபடி, வெளியே பார்த்து நின்றது.

ராத்திரி ஒரே ஒரு சத்தம் கேட்கும் என்றார் பச்சமுத்து. ‘டக்’. டைல்ஸ் இடுக்கில் சக்கரம் ஏறி இறங்குகிற சத்தம். விடிந்து பார்த்தால் பை ஒரு டைல்ஸ் முன்னால் வந்திருக்கும். முதலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். சக்கரத்துக்கு முன்னால் செங்கல் வைத்துப் பார்த்தார். காலையில் செங்கல் வைத்த இடத்தில் இருந்தது. பை அதைத் தாண்டி நின்றது. பீரோவிலிருந்து வாசல் வரை பதினாறு டைல்ஸ்… தீனதயாளன் போய்ப் பதினாறு ராத்திரி ஆகிவிட்டது.

“இன்னிக்கி உட்டா வெளிய போயிடும்க்கா. நீ உன் கையால எடுத்துக்கினு போயி உள்ள வெச்சிடு. மாமா அடங்கிடுவாரு” என்றார்.

அங்கே ஒரு வாசனை இருந்தது. உப்பும் டீசலும் கலந்த வாசனை. கள்ளக்குறிச்சியிலிருந்து கடலுக்கு எண்பது கிலோமீட்டர் இருக்கும். அதற்கு அடியில், லேசாக, பாகு வாசனை.

விஜயலட்சுமிக்குப் பயம் வரவில்லை. அவள் வேறொன்றை நினைத்தாள். பையைத் திருப்பி எடுத்துப் போனால் பயணம் ரத்து. பயணம் ரத்தென்றால், போனவர் வீட்டுக்கு வந்துதானே ஆக வேண்டும்?

அந்த நினைப்போடுதான் அவள் பைக்கில் உட்கார்ந்து வந்தாள், அந்தக் கரும்பு ரோட்டில். ஆகாஷ் என்னிடம் சொன்னான்… பாதி வழியில் வண்டி இழுக்க முடியாமல் திணறியதாம். மூன்று பேர் உட்கார்ந்தால் திணறுமே, அந்த மாதிரி. அவன் கண்ணாடியைப் பார்க்கவே இல்லையாம். நானாக இருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன்.

வீட்டு வாசலில் அவள் தண்ணீர் தெளித்தாள். பையை உள்ளே தூக்கி வைத்தாள். உட்கார்ந்து ஜிப்பைத் திறந்தாள்.

இரண்டு வேட்டி. நான்கு சட்டை. துண்டு. மாத்திரை டப்பா. எல்லாம் அவள் மடித்துக் கொடுத்தபடியே இருந்தன, காய்ந்து மொறமொறவென்று. அவற்றின் மேல்… புத்தம்புதிய மஞ்சள் ரவிக்கை. ஓரத்தில் தையல்கடைச் சீட்டு குத்தியிருந்தது. ரவிக்கை மட்டும் ஈரம்.

விடிந்ததும் ஆகாஷ் தையல்காரி தங்கமணியிடம் போனான். ரவிக்கையை யார் வாங்கிப் போனது என்று கேட்டான்.

“அண்ணன்தான். அந்தத் திங்கக்கெழம, கட சாத்துற நேரம், ஏழு மணி இருக்கும். தொப்பலா நனைஞ்சிக்கினு வந்தாரு. எல்லாம் எடுத்து வெச்சாச்சி, இது ஒன்னுதான் பாக்கின்னாரு” என்றாள் தங்கமணி. பிறகு அவளே, “பாவம், அதுக்கப்பறம்தான் ராத்திரியில செத்துட்டாரு போல” என்றாள். மழையில் அவளுக்குச் சாவுச் செய்தி மறுநாள் காலையில்தான் போயிருக்கிறது. நான்கு மணிக்கே போய்விட்டார் என்று ஆகாஷ் அவளிடம் சொல்லவில்லை.

ஓடிவந்து, அந்த ரவிக்கையை வெளியே எடுத்து எரித்துவிடலாம் என்று அத்தையிடம் கெஞ்சினான். அது பையில் இருக்கிற வரைக்கும் நீங்களும் கிளம்பிவிட்டதாகத்தானே அர்த்தம் என்றான். விஜயலட்சுமி ரவிக்கையைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினேழு நாளில் முதல்முறையாக அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

“அவரா பாத்து எடுத்து வெச்சிருக்காரு… இருக்கட்டும்டா” என்றாள்.

அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. மார்கழி முழுக்க அந்தப் பை அவள் வீட்டு பீரோ ஓரமாகச் சும்மா நின்றது. அவள் அதன் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தாள். ஆகாஷும் நிம்மதியாகி, நம்மோடு கரியாலூருக்கு வருவதாகச் சொன்னான்.

போன வாரம் மணிமொழிக்குக் கப்பல்காரர்களிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. புயலால் நின்றுபோன பயணத்துக்குப் புதுத் தேதி. தை மாதம், சனிக்கிழமை, மாலை நான்கு மணி. இரண்டு பேர். அப்பா போன துக்கத்தில் அந்தப் பெண் டிக்கெட்டை ரத்து செய்யவே மறந்திருக்கிறாள். இப்போது செய்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டாள். “இருக்கட்டும் உடு” என்றாளாம் அம்மா.

அன்றைக்கு ராத்திரியே ‘டக்’.

விஜயலட்சுமி வீட்டு ஹால் சின்னது. பீரோவிலிருந்து வாசலுக்கு ஏழே டைல்ஸ். நேற்றைக்கு ஆறாவது.

விடிந்தால் அந்தச் சனிக்கிழமை. அதனால்தான் ஆகாஷ் வரவில்லை. அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அவனிடமிருந்து இரண்டு மெசேஜ் வந்திருக்கிறது. இந்த மலையில் சிக்னல் வந்து வந்து போகிறது, கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் இரண்டும் சேர்ந்து வந்தன. முதலாவது பத்து மணிக்கு அனுப்பியது. படிக்கிறேன்.

‘அத்த தூங்கிட்டாங்க. பைய பீரோக்குள்ள வெச்சி பூட்டிட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு.’

அடுத்தது பன்னிரண்டு மணிக்கு.

‘டக்னு கேட்டுச்சி. பீரோ பூட்டுன மேனிக்கு இருக்கு. தொறந்து பாத்தேன், பை இல்ல. அத்த எழுந்து தல வாரிக்கினு இருக்காங்க. நாலு மணி ஆவ இன்னும் எவ்ளோ நேரம் இருக்குன்னு கேக்கறாங்க… என்னக் கேக்கல. வாசப்பக்கம் பாத்துக்கினு கேக்கறாங்க.’